புதிய பொருள் உருவானதா? இயற்பியல், வேதியியல் மாற்றங்களை வீட்டிலேயே சோதித்தறியும் முறை

ஒரு குவளைத் தண்ணீரில் உப்பைப் போட்டுக் கலக்கினால் உப்பு கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. வினிகரில் சமையல் சோடாவைப் போட்டால் அதுவும் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. முன்னது இயற்பியல் மாற்றம், பின்னது வேதியியல் மாற்றம் என்பதைச் சிங்கப்பூரில் உயர்நிலை ஒன்று, இரண்டில் படிக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் சரியாகவே சொல்லிவிடுவார்கள். எப்படித் தெரியும் என்று கேட்டால்தான் தடுமாறுவார்கள். குமிழி வந்தது, நிறம் மாறியது, சூடு ஏறியது, பழைய நிலைக்குத் திரும்பாது என்று மனப்பாடம் செய்த அறிகுறிகளை ஒப்பிப்பார்கள். அவற்றில் ஒன்றுகூடத் தனித்து நம்பத் தக்கதில்லை. கொதிக்கும் தண்ணீரிலும் குமிழி வரும். நனைந்த சட்டையும் கருத்துத் தெரியும். கிழித்த தாளும் உடைந்த கண்ணாடியும் பழைய நிலைக்குத் திரும்பாது, ஆனாலும் தாள் தாளாகவும் கண்ணாடி கண்ணாடியாகவுமே இருக்கின்றன.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: தொடக்கத்தில் இல்லாத ஒரு பொருள் இப்போது இருக்கிறதா? இருந்தால் வேதியியல் மாற்றம். பழைய பொருளே வேறு வடிவத்திலோ, வேறு நிலையிலோ, வேறொன்றோடு கலந்தோ இருந்தால் இயற்பியல் மாற்றம். அறிகுறிகள் சந்தேகத்தைக் கிளப்பும், தீர்ப்புச் சொல்லாது. தீர்ப்புக்குச் சோதனை வேண்டும். கீழே உள்ள சோதனைகள் எல்லாம் இரண்டிரண்டாக வரும். பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும் இரு மாற்றங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே அளவில் செய்து பார்ப்பதுதான் முறை.

முதலில் சேகரிக்க வேண்டியவை

ஃபேர்பிரைஸ் போன்ற பேரங்காடியில் கிடைப்பவை: வெள்ளை வினிகர், சமையல் சோடா, தூள் உப்பு, எலுமிச்சை, கரியமில வாயு ஏற்றிய சாதாரண சோடாத் தண்ணீர். வினிகர் போத்தலின் சீட்டில் அமிலத்தின் அளவு எத்தனை விழுக்காடு என்று பாருங்கள். இங்கே தரும் அளவுகள் 5 விழுக்காடு வினிகருக்கானவை. பேக்கிங் பவுடர் வேண்டாம். அதில் சோடாவோடு ஓர் அமிலப் பொடியும் மாவும் கலந்திருக்கும், தண்ணீர் பட்டாலே பொங்கும்.

தேக்கா பக்கத்துக் கடைகளில் வெற்றிலையோடு விற்கும் சுண்ணாம்பு, மஞ்சள் தூள், காய்ந்த சங்குப்பூ ஆகியவற்றை வாங்கிக்கொள்ளுங்கள். சங்குப்பூ அண்டை வீட்டுத் தாழ்வாரத் தொட்டியில் பூத்தால் கேட்டுப் பறிக்கலாம். இவற்றோடு 0.1 கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு ஒன்று வேண்டும். 1 கிராம் மட்டுமே காட்டும் சமையலறைத் தராசு எடைச் சோதனைக்குப் போதாது. பாத்திரங்கள் எவர்சில்வராக இருக்கட்டும். அலுமினியத்தை வினிகரும் அரிக்கும், சுண்ணாம்பும் அரிக்கும், உங்கள் முடிவும் குழம்பிப்போகும்.

பாதுகாப்பு பற்றிச் சில. அடுப்புப் பக்கம் பெரியவர் ஒருவர் நிற்க வேண்டும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையையே கெடுக்கும். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் விடாமல் கழுவி, உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். நிலைமை மோசமாக இருந்தால் அவசர மருத்துவ உதவிக்கு 995-ஐ அழையுங்கள். துணி வெளுக்கும் பிளீச்சை எந்தச் சோதனையிலும் சேர்க்கக் கூடாது. அது வினிகரோடு சேர்ந்தால் நச்சு வாயுவான குளோரின் வரும். சோதனையில் பயன்படும் எதையும் ருசி பார்க்க வேண்டாம்.

கரைந்ததா, மாறியதா?

இந்தச் சோதனைக்கு அதிக நேரம் கொடுங்கள். மற்றவை அனைத்துக்கும் இதுவே அடித்தளம்.

1. முதல் குவளையில் 60 மில்லி தண்ணீரும் 3 கிராம் உப்பும் சேர்த்துக் கலக்குங்கள்.
2. இரண்டாவது குவளையில் 60 மில்லி வினிகர் எடுத்து, 3 கிராம் சமையல் சோடாவைச் சிறிது சிறிதாகப் போடுங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் பொங்கி வெளியே வழியும். வழிந்தால் பொருள் குறையும், கணக்கு தவறும்.
3. நுரை முழுதாக அடங்கும்வரை கலக்குங்கள். 3 கிராம் சோடாவுக்கு ஏறத்தாழ 43 மில்லி வினிகரே போதும். 60 மில்லி எடுப்பது சோடா துளியும் மிஞ்சாமல் இருப்பதற்காக. மிஞ்சும் வினிகர் சூட்டில் ஆவியாகிப் போய்விடும்.
4. ஒவ்வொன்றையும் முன்னதாக எடைபோட்ட சிறிய எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றி, மிகக் குறைந்த தீயில் வற்ற விடுங்கள். சன்னலைத் திறந்து வையுங்கள், வினிகர் நெடி அடிக்கும்.
5. அடியில் ஈரக் கூழாக இருக்கும்போதே அடுப்பை அணைத்துவிடுங்கள். பாத்திரத்தின் சூடே மீதி ஈரத்தை உலர்த்தும். முழுதாகக் காயும்வரை தீயில் வைத்தால் உப்புப் பரல்கள் வெடித்துத் தெறிக்கும்.
6. ஆறியதும் எடைபோடுங்கள்.

உப்புப் பாத்திரத்தில் ஏறத்தாழ அதே 3 கிராம் உப்பு திரும்பக் கிடைக்கும். இரண்டாவது பாத்திரத்திலும் வெள்ளையாகத்தான் ஏதோ இருக்கும். அது சோடாவா? அதன்மேல் இரண்டு சொட்டு வினிகர் விடுங்கள். பக்கத்தில் ஒரு சிட்டிகை புதிய சோடாவை வைத்து அதன்மேலும் இரண்டு சொட்டு விடுங்கள். புதிய சோடா பொங்கும், வற்றிக் கிடைத்த வெள்ளைப் பொருள் பொங்காது. அது சோடியம் அசிட்டேட் என்ற வேறு பொருள். எடையிலும் வேறுபாடு தெரியும். தண்ணீரைத் தன் பரலுக்குள் பிடித்துவைத்துக்கொள்ளும் பொருள் அது என்பதால், நீங்கள் போட்ட 3 கிராமைவிட அதிகமாகக்கூடத் தராசு காட்டலாம். இந்த இரண்டு சொட்டு வினிகர்தான் இந்தச் சோதனையின் உயிர். குமிழியைப் பார்த்து ஊகித்ததை, மிஞ்சிய பொருளின் பண்பைப் பார்த்து உறுதிசெய்கிறீர்கள்.

எங்கே தவறும்? சோடியம் அசிட்டேட் கரைசல் வற்றிய பிறகும் பாகுபோல் திரவமாகவே நிற்பதுண்டு. சோதனை தோற்றதாக எண்ண வேண்டாம். ஆறவிட்டு, கரண்டி நுனியால் பாத்திரத்தின் அடியைச் சுரண்டினால் பரல்கள் தோன்றத் தொடங்கும். நிறைந்த கரைசலில் பரல் வளர ஒரு தொடக்கப் புள்ளி தேவைப்படுகிறது.

உப்பில் வேறொரு சிக்கல் உண்டு. அது நம் ஊர்க் காற்றினால் வருவது. சிங்கப்பூரின் ஆண்டுச் சராசரி ஈரப்பதம் ஏறத்தாழ 82 விழுக்காடு. விடியற்காலையில் 90-ஐத் தாண்டும், மழையில்லாத பிற்பகலில் 60 பக்கம் இறங்கும். சமையல் உப்போ ஏறத்தாழ 75 விழுக்காட்டுக்கு மேல் காற்றின் ஈரத்தை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். ஆகவே அடுப்பில் வைக்காமல், தட்டில் ஊற்றித் தாழ்வாரத்தில் காய வைத்தால் பிற்பகலில் தென்பட்ட பரல்கள் காலையில் மறுபடி ஈரமாகிக் கிடக்கும். காற்றில் உலர்த்த விரும்பினால் குளிர்சாதன அறையில் வையுங்கள், அல்லது வெயில் நாளின் பிற்பகலில் முடித்து உடனே எடைபோட்டு மூடிய டப்பாவில் எடுத்து வையுங்கள்.

இன்னொரு தவறு அடிக்கடி நடப்பது. ஒப்பீட்டுக்கு உப்புக்குப் பதிலாகச் சமையல் சோடாவையே வெறும் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சிப் பார்க்கலாம் என்று தோன்றும். கூடாது. சூட்டில் சமையல் சோடா சிதைந்து, கரியமில வாயுவையும் நீராவியையும் விட்டுச் சலவை சோடாவாக மாறிவிடும். 3 கிராம் போட்ட இடத்தில் 1.9 கிராம்தான் மிஞ்சும். வெறும் கரைதல் என்று நீங்கள் நினைத்திருக்க, அங்கே ஒரு வேதியியல் மாற்றம் நடந்து முடிந்திருக்கும்.

ஒரே வாயு, இரண்டு வழி

குமிழியைப் பார்த்ததும் வேதியியல் மாற்றம் என்று எழுதும் பழக்கத்தை முறிக்க இதைவிட நல்ல சோதனை இல்லை. இதற்குத் தெளிந்த சுண்ணாம்பு நீர் வேண்டும். முதல் நாள் மாலையே தயாரித்துவிடுங்கள். அரை லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சுண்ணாம்பைக் குலுக்கி, மூடி, இரவு முழுதும் அசைக்காமல் வையுங்கள். ஒரு லிட்டரில் ஏறத்தாழ ஒன்றரை கிராம்தான் கரையும், மீதி அடியில் தங்கிவிடும். மேலே நிற்கும் கண்ணாடிபோன்ற நீரை மட்டும் மெதுவாக வேறு போத்தலுக்கு ஊற்றி இறுக மூடுங்கள். திறந்து வைத்தால் காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பிடித்து மேலே ஆடை படரும், வலு குறையும்.

அரை லிட்டர் காலிப் பிளாஸ்டிக் போத்தல் மூன்று எடுங்கள். முதலாவதில் ஒன்றும் வேண்டாம், வெறும் காற்றே இருக்கட்டும். இரண்டாவதில் 100 மில்லி சோடாத் தண்ணீர் ஊற்றி, மூடாமலே அரை நிமிடம் சுழற்றுங்கள். மூன்றாவதில் 30 மில்லி வினிகரும் 2 கிராம் சமையல் சோடாவும் போட்டு, நுரை அடங்கும்வரை காத்திருங்கள். மூன்று சிறு மூடியுள்ள கண்ணாடிக் குப்பிகளில் தலா 20 மில்லி சுண்ணாம்பு நீர் ஊற்றுங்கள். ஒவ்வொரு போத்தலையும் அதன் குப்பியின் வாயருகே சாய்த்து, திரவம் ஒரு சொட்டும் விழாதபடி, மெல்ல ஒருமுறை அமுக்குங்கள். கரியமில வாயு காற்றைவிடக் கனமானது, குப்பிக்குள் இறங்கும். உடனே மூடிச் சுழற்றுங்கள்.

காற்றுக் குப்பி தெளிவாகவே இருக்கும். மற்ற இரண்டும் பால்போல் வெளுக்கும். சுண்ணாம்பு நீரும் கரியமில வாயுவும் சேர்ந்து கரையாத கால்சியம் கார்பனேட் உருவாகிறது. குப்பிக்குள் நடப்பது இரண்டிலும் வேதியியல் மாற்றம்தான். ஆனால் போத்தலுக்குள் நடந்தது? சோடாத் தண்ணீரில் அந்த வாயு தொழிற்சாலையிலேயே அழுத்தி ஏற்றப்பட்டது. மூடியைத் திறந்ததும் அழுத்தம் குறைய, முன்பே இருந்த வாயு வெளியேறுகிறது. முக்கியமாக இது இயற்பியல் மாற்றம். வினிகரிலும் சமையல் சோடாவிலும் கரியமில வாயு வாயுவாக இருக்கவே இல்லை. இரண்டும் சேர்ந்தபின் புதிதாக உருவானது. சுண்ணாம்பு நீர் சொல்வது வாயு இன்னது என்பதை மட்டுமே. அது முன்பே அங்கே இருந்ததா, இப்போதுதான் பிறந்ததா என்பதை நீங்கள்தான் தொடக்கப் பொருள்களைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

கவனிக்க: 20 மில்லி சுண்ணாம்பு நீரை முழுதாக வெளுக்க வைக்க 10 மில்லி வாயு சொச்சமே போதும். ஆசையில் மேலும் மேலும் அமுக்கினால் வெண்மை மறைந்து மறுபடி தெளியத் தொடங்கும், ஏனெனில் மிகுதி வாயுவில் கால்சியம் கார்பனேட் கரையக்கூடிய பைகார்பனேட்டாக மாறுகிறது. ஒரு சொட்டு வினிகர் விழுந்தாலும் வெண்மை வராது. வெளுக்கவில்லை என்றால் இந்த இரண்டையும் முதலில் சந்தேகியுங்கள், பிறகு சுண்ணாம்பு நீர் பழையதா என்று பாருங்கள்.

எடை குறைந்ததா?

வேதியியல் மாற்றத்தில் எடை குறையும் என்று சிலர் எழுதுகிறார்கள். திறந்த குவளையில் 60 மில்லி வினிகரோடு 3 கிராம் சோடா சேர்த்தால் தராசு ஒன்றரை கிராம் அளவுக்கு இறங்குவது உண்மை. அது வெளியேறிய வாயுவின் எடை. வாயுவையும் உள்ளே அடைத்துவிட்டால் எடை மாறக் கூடாது.

இதைக் காட்டப் பெரும்பாலோர் போத்தல் வாயில் பலூனை மாட்டுவார்கள். பலூன் உப்பும், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் 0.1 கிராம் தராசில் வைத்தால் ஏறத்தாழ 1 கிராம் குறைவாகக் காட்டும்! எங்கும் ஒழுகவில்லை. உப்பிய பலூன் ஏறத்தாழ 0.9 லிட்டர் காற்றை ஒதுக்கித் தள்ளுகிறது. அந்தக் காற்றின் எடை அளவுக்குப் பலூனை மேல்நோக்கி ஓர் விசை தூக்குகிறது. கப்பலைக் கடல் தூக்குவது போலத்தான். தராசில் எடை குறைந்ததாக மாணவர் கண்டது சரி, வாயு ஒழுகிவிட்டது என்று அவர் சொல்லும் காரணம்தான் தவறு.

ஆகவே பருமன் மாறாத கலன் வேண்டும். கரியமில வாயு ஏற்றிய பானம் வந்த அரை லிட்டர் பிளாஸ்டிக் போத்தலே போதும். மினரல் தண்ணீர்ப் போத்தல் மெலிந்தது, ஆகாது. கண்ணாடிப் போத்தல் எந்தக் காரணத்தைக் கொண்டும் கூடாது, வெடித்தால் சில்லுகள் பறக்கும். 30 மில்லி வினிகரை ஊற்றுங்கள். 2 கிராம் சோடாவை மெல்லிய டிஷ்யூத் தாளில் சுருட்டி உள்ளே தள்ளி, தாள் நனையுமுன் மூடியை இறுக்குங்கள். முழுவதையும் எடைபோடுங்கள். பிறகு குலுக்கி, நுரை அடங்கியதும் மறுபடி எடைபோடுங்கள். எண் மாறாது. மூடியை மெல்லத் தளர்த்தி வாயுவை வெளியே விட்டு எடைபோட்டால் அரை கிராமுக்கு மேல் குறைந்திருக்கும். வினிகரை 30 மில்லிக்கு மேல் ஊற்றாதீர்கள். அந்த அளவு வினிகரில் இருக்கும் அமிலம் ஏறத்தாழ 0.6 லிட்டர் வாயுவைத்தான் தர முடியும். சோடா கொஞ்சம் கூடினாலும் வாயு கூடாது, போத்தலும் தாங்கும்.

போத்தலைத் தொட்டுப் பாருங்கள், குளிர்ந்திருக்கும். வேதியியல் மாற்றம் என்றாலே சூடு என்று எண்ணுபவர்களுக்கு இது நல்ல பாடம்.

நிறம்

பத்துச் சங்குப்பூவை 200 மில்லி வெந்நீரில் ஐந்து நிமிடம் ஊறவிட்டு வடிகட்டுங்கள். பூவிலிருந்த நீலச் சாயம் நீரில் இறங்கியது இயற்பியல் மாற்றம். இந்த நீரை நான்கு குவளையில் சமமாகப் பிரியுங்கள். ஒன்றில் எலுமிச்சைச் சாறு ஒரு தேக்கரண்டி, இன்னொன்றில் சமையல் சோடா ஒரு சிட்டிகை, மூன்றாவதில் சுண்ணாம்பு நீர் ஒரு தேக்கரண்டி, நான்காவதில் வெறும் தண்ணீர் ஒரு தேக்கரண்டி. நான்காவதை விட்டுவிடாதீர்கள். நிறம் வெறுமனே நீர்த்துப்போனதால் மாறவில்லை என்று காட்ட அதுதான் சாட்சி.

எலுமிச்சை விட்டது ஊதாவாகும். சோடா போட்டது நீலப்பச்சை பக்கம் நகரும். சுண்ணாம்பு நீர் விட்டது பச்சையாகும். இப்போது ஊதா நீரில் சிட்டிகை சிட்டிகையாகச் சோடாவைச் சேருங்கள். நீலம் திரும்பிவிடும். சாய மூலக்கூறின் அமைப்பே அமிலத்திலும் காரத்திலும் மாறுகிறது, எனவே இது வேதியியல் மாற்றம். ஆனாலும் திரும்புகிறது. வேதியியல் மாற்றத்தைத் திருப்ப முடியாது என்ற விதியை நோட்டிலிருந்து அடித்துவிடுங்கள். உங்கள் கைத்தொலைபேசியின் மின்கலம் ஒவ்வொரு முறை மின்னேற்றும்போதும் ஒரு வேதியியல் மாற்றத்தைத் திருப்பிக்கொண்டுதான் இருக்கிறது.

ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவக்கிறதே, அதுவும் இந்த வகைதான். சிவந்த நீரில் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் மறுபடி மஞ்சளாகும். இதற்கு எதிர்ப்பக்கம் வைத்துப் பார்க்க பண்டோங் பானம் பொருத்தம். சிவப்பு ரோஜா சிரப்பும் வெள்ளைப் பாலும் சேர்ந்து இளஞ்சிவப்பாகின்றன. அங்கே சிவப்புச் சாயமும் மாறவில்லை, பாலும் மாறவில்லை, இரண்டும் கலந்திருக்கின்றன.

துரு

கடலோரப் புளோக்குகளில் இரும்புக் கதவின் அடிப்பகுதி எப்படிச் சிதைகிறது என்று பார்த்திருப்பீர்கள். துருப்பிடிப்பதற்குத் தண்ணீரும் ஆக்சிஜனும் இரண்டுமே வேண்டும், உப்பு அதை விரைவுபடுத்தும். ஆக்சிஜன் உண்மையிலேயே செலவாகிறதா என்பதை அளந்து காட்டலாம்.

ஸ்டீல் வூல் என்று விற்கும் மெல்லிய இரும்பு நார் 3 கிராம் எடுங்கள். பாத்திரம் தேய்க்கும் பளபளப்பான சுருள் நார் துருப்பிடிக்காத எஃகு, அது பயன்படாது. சோப்பு ஏற்றிய நார் என்றால் சோப்பு போகக் கழுவ வேண்டும். நாரைப் பத்து நிமிடம் வினிகரில் ஊற வையுங்கள், அதன்மேல் பூசியிருக்கும் எண்ணெய் நீங்கும். பிறகு தண்ணீரில் நன்றாக அலசுங்கள். அலசாவிட்டால் மீதி அமிலம் இரும்போடு சேர்ந்து ஹைட்ரஜனை விடும், நீர்மட்டம் ஏறுவதற்குப் பதில் இறங்கும். ஈர நாரை நேர்ப்பக்கக் கண்ணாடிக் குவளையின் அடியில் விழாதபடி பிரித்துச் செருகி, குவளையைத் தலைகீழாகத் தண்ணீர்த் தட்டில் வையுங்கள். விளிம்புக்கு அடியில் மூன்று நாணயங்களை வைத்தால் தண்ணீர் உள்ளே போக வழி இருக்கும். நீர்மட்டத்தை ரப்பர் வளையத்தால் குறியுங்கள். பக்கத்திலேயே நார் இல்லாத அதே அளவுக் குவளை ஒன்றையும் கவிழ்த்து வையுங்கள்.

ஒரு நாளில் நார்க் குவளையில் தண்ணீர், காற்றிருந்த இடத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குவரை ஏறும். காற்றில் ஆக்சிஜன் 21 விழுக்காடு. அது இரும்போடு சேர்ந்து துருவாகிவிட்டது. வெற்றுக் குவளை எதற்கு? பகலில் 30 டிகிரியில் வைத்த குவளை இரவில் குளிர்சாதனத்தில் 24 டிகிரிக்கு இறங்கினால், காற்று சுருங்கியும் நீராவி குளிர்ந்தும் நூற்றுக்கு 3 பங்கு தண்ணீர் ஏறும். அது இயற்பியல் மாற்றம். வெற்றுக் குவளையில் ஏறிய அளவைக் கழித்தால்தான் துருவின் பங்கு தெரியும். தட்டுத் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள், விளிம்பு வெளியே தெரிந்தால் காற்று புகுந்துவிடும்.

விளக்குச் சுடர்

அகல் விளக்கில் எண்ணெய் திரியில் ஏறுவதும், சூட்டில் ஆவியாவதும் இயற்பியல் மாற்றங்கள். ஆவி ஆக்சிஜனோடு எரிவது வேதியியல் மாற்றம். எரிதலில் தண்ணீர் உருவாகிறது என்று காட்ட, பனிக்கட்டி போட்ட டம்ளரைச் சுடருக்கு மேல் பிடிக்கச் சொல்லும் குறிப்புகள் உண்டு. இங்கே அது செல்லாது. நம் ஊர் ஈரக் காற்றில் பனிக்கட்டி டம்ளர் விளக்கே இல்லாமல் வியர்க்கும். அறை வெப்பத்தில் இருக்கும் உலர்ந்த எவர்சில்வர் டம்ளரை இடுக்கியால் பிடித்து, சுடருக்குச் சற்று மேலே ஓரிரு நொடி காட்டி எடுங்கள். மெல்லிய மூட்டம் படர்ந்து மறையும், அது சுடரில் உருவான நீர். சுடருக்குள்ளேயே நுழைத்தால் கரி படியும்.

சூடம் டப்பாவில் கிடந்தபடியே சிறுத்து, மூடியின் உட்புறத்தில் மறுபடி படிவது இயற்பியல் மாற்றம், ஏற்றி வைத்தால் வேதியியல் மாற்றம். ஆனால் வீட்டில் ஜி6பிடி குறைபாடு (சில பொருள்களால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதையும் பிறவிக் குறைபாடு) உள்ளவர் இருந்தால் சூடத்தையும் அந்துருண்டையையும் சோதனைக்கு எடுக்க வேண்டாம்.

உணவங்காடியிலும் அடுப்பங்கரையிலும்

தே தாரிக்கின் நுரை இழுத்து ஆற்றும்போது உள்ளே சிக்கிய காற்று. இட்லி மாவின் குமிழ்கள் நுண்ணுயிர்கள் மாவுச்சத்தின் சர்க்கரையிலிருந்து உண்டாக்கிய கரியமில வாயு. இரண்டையும் ஒப்பிட, புதிதாக அரைத்த மாவில் ஒரு குவளையைக் கரண்டியால் நன்றாக அடித்து உடனே உயரத்தைக் குறியுங்கள். இன்னொரு குவளையை எட்டு மணி நேரம் மேசையில் வையுங்கள். அடித்த மாவு அமுங்கிவிடும், புளிப்பு வாடை இருக்காது. புளித்தது உயர்ந்து நிற்கும், வாடையே வேறு.

பரோட்டா மாவை வீசி விரிப்பது இயற்பியல், கல்லில் பொன்னிறமாவது வேதியியல். சர்க்கரை தேநீரில் கரைவது முன்னது, வாணலியில் பழுத்துக் கருகுவது பின்னது. முட்டை வெந்து கெட்டியாவதைப் பாடநூல்கள் வேதியியல் மாற்றம் என்றே கொள்கின்றன. புரத மூலக்கூறுகள் சுருள் அவிழ்ந்து ஒன்றோடொன்று புதிதாகப் பிணைகின்றன, ஆறவைத்தால் பழைய வெள்ளைக்கரு வராது.

விடையை எழுதும்போது

"முட்டை ஓட்டை வினிகரில் போட்டால் எவ்வகை மாற்றம்? காரணம் கூறுக" என்ற கேள்வியை எடுத்துக்கொள்வோம். "குமிழி வந்ததால் வேதியியல் மாற்றம்" என்பது பாதி விடை. முதலில் கண்டதை எழுதுங்கள்: ஓட்டின் மேல் குமிழ்கள் தோன்றின, ஓடு மெலிந்தது. அடுத்துப் புதிய பொருளைப் பெயரிட்டு, எப்படி அறிந்தோம் என்று சொல்லுங்கள்: வெளிவந்த வாயு சுண்ணாம்பு நீரைப் பால்போலாக்கியது, எனவே அது கரியமில வாயு. பிறகு முடிவு: ஓட்டின் கால்சியம் கார்பனேட்டும் வினிகரின் அமிலமும் சேர்ந்து, முன்பு இல்லாத வாயு உருவானதால் இது வேதியியல் மாற்றம்.

இயற்பியல் மாற்றத்துக்கு விடை எழுதும்போதும் "புதிய பொருள் உருவாகவில்லை" என்று நிறுத்திவிடாதீர்கள். பழைய பொருள் இன்னும் இருக்கிறது என்பதற்கு ஒரு சான்று தாருங்கள்: உப்புக் கரைசலை வற்றவைத்தால் அதே உப்பு ஏறத்தாழ அதே எடையில் கிடைக்கும். இரும்புத் தூளும் கந்தகமும் கலந்திருந்தால் காந்தம் இரும்பைப் பிரித்தெடுக்கும். ஆனால் அவற்றை 7-க்கு 4 என்ற எடை விகிதத்தில் சூடாக்கி அயர்ன் சல்ஃபைடு ஆக்கிவிட்டால் காந்தத்தால் இரும்பைப் பிரிக்க முடியாது. அந்தச் சோதனையை மட்டும் பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியர் முன்னிலையில் செய்யுங்கள். கந்தகம் எரிந்தால் வரும் புகை மூச்சைத் திணறடிக்கும், வீட்டுச் சமையலறை அதற்கான இடமல்ல.